வேலியோரப் பாத்தி

பயிர் கெட்டால் வானத்தைக் குறை கூறுவது எமது பழக்கம். மழை பிந்திவிட்டது என்போம். பனி மிஞ்சிவிட்டது என்போம். சோளகம் முந்தி எழுந்துவிட்டது என்போம். வானத்தைக் குறை கூற இயலாதவிடத்துத் தண்ணீர் ஊற்றியவனைக் குறை கூறுவோம். வானமும் வாய் திறப்பதில்லை. பெரும்பாலும் அவனும் வாய் திறப்பதில்லை. ஒரு மாணவன்மீது நாம் சுமத்திய இத்தகைய பழியொன்றையும், அதனை அவன் எவ்வாறு துடைத்தான் என்பதையும் ஆசிரியத் தொழிலில் உள்ள நண்பர்களும் மாணவர்களும் அறிந்திருப்பது நல்லது என்று எண்ணியே இதனை எழுதுகின்றோம்.

2012ஆம் ஆண்டு தை மாதம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராமப் பாடசாலையொன்றில் நாம் விஞ்ஞானமும் விவசாயமும் கற்பித்துக்கொண்டிருந்தோம். பொங்கல் முடிந்த கையோடு, கிணற்றடிக்கும் வீதிக்கும் இடைப்பட்ட நிலத்தைக் கொத்திப் பன்னிரண்டு பாத்திகள் அமைத்தோம். பத்தாந் தரத்து மாணவர் பன்னிருவர், ஆளுக்கொரு பாத்தி. எல்லாப் பாத்திகளுக்கும் ஒரே செம்மண், ஒரே மாட்டெரு, ஒரே கிணற்றுத் தண்ணீர். ஒரே நாற்றுமேடையிற் பிடுங்கிய மிளகாய்க் கன்றுகளைப் பாத்திக்கு இருபதாக நட்டோம். கிணற்றடியிலுள்ளது முதலாம் பாத்தி. வீதி வேலியோரத்தில் உள்ளது பன்னிரண்டாம் பாத்தி.

யாழ்ப்பாணத்திலே தோட்டஞ் செய்பவனுக்குக் காலநிலையைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் டிசெம்பருக்கும் இடையிற் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. சுண்ணாம்புப் பாறைமீது மெல்லியதாய்ப் பரந்து கிடக்கும் செம்மண் அந்த ஈரத்தை நெடுநாள் வைத்திருப்பதில்லை. ஆகவே தை பிறந்தால் இறைப்புத்தான். தையிலும் மாசியிலும் விடியற்பனி இலைகளை நனைக்கும், பகல் வெயிலிற் கடுமையில்லை, இரவு குளிர்ந்திருக்கும். தக்காளியும் மிளகாயும் பூத்துப் பிஞ்சு பிடிப்பதற்கு இதுவே உகந்த பருவம். இரவிலும் வெப்பம் இறங்காத சித்திரை, வைகாசியில் தக்காளியின் மகரந்தம் வலுவிழக்கும். பூக்கள் பிஞ்சாகாமல் உதிரும். பின்னர் தென்மேற்கிலிருந்து சோளகம் எழும். வேர் கொடுக்கும் நீரினும் இலை இழக்கும் நீர் மிகுதியாகிவிட, உச்சிப் பொழுதிற் கத்தரி இலைகள் தொங்கிவிடும். வேலிக்குப் பூவரசையும் கிளுவையையும் நெருக்கி நட்ட எமது முன்னோர் எல்லையை மட்டுமா காத்தனர்? காற்றையும் மறித்தனர். இவையெல்லாம் நாம் நன்கு அறிந்தவை. அறிந்தவை போதும் என்ற நினைப்பே எம்மைப் பிழைவிடச் செய்தது.

மாசி நடுப்பகுதியிற் கிணற்றடிப் பாத்திகளின் கன்றுகள் முழங்காலளவு வளர்ந்து பூத்திருந்தன. பன்னிரண்டாம் பாத்தியோ சாண் உயரத்தில் நின்றது. இலைகள் வெளிறியிருந்தன, கமக்காரர் குருமன் என்று சொல்லும் இலைச்சுருளலும் தொடங்கியிருந்தது. அந்தப் பாத்திக்கு உரியவன் அதிகம் பேசாத ஒரு மாணவன். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள், இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னும் ஊர் திரும்ப முடியாமல், வீதிக்கு அப்பால் ஓலைக் கொட்டில்களில் வாழ்ந்துகொண்டிருந்தனர். அவ்வாறான ஒரு கொட்டிலிலேயே அவன் பிறந்தவன்.

அவனை வகுப்பின் முன்னே நிறுத்தினோம்.

“பனி எல்லாப் பாத்திக்கும் ஒரே பனி. வெயில் எல்லாப் பாத்திக்கும் ஒரே வெயில். உன்ர பாத்தி மட்டும் ஏன் இப்பிடி?”

“நான் ஒவ்வொரு நாளும் தண்ணி விட்டனான், சேர்.”

“தண்ணி விட்டா மட்டும் போதாது. தோட்டஞ் செய்து பழகின வீட்டுப் பிள்ளையளைப் பார்த்துப் பழகு.”

இச்சொற்களை இங்கு எழுதும்போதும் எமது கை கூசுகின்றது. அவனுடைய பாட்டனார் வலிகாமம் வடக்கின் செம்மண்ணிற் புகையிலையும் வெங்காயமும் செய்தவர் என்பதை நாம் பின்னரே அறிந்தோம். தோட்டஞ் செய்து பழகாத வீடு அன்று அது; தோட்டம் பறிபோன வீடு. அன்று இருபத்தைந்து புள்ளிக்கு ஒன்பது புள்ளியை மைப் பேனாவினாற் பதிவேட்டில் எழுதிவிட்டு, கடமையைச் செய்துவிட்ட திருப்தியோடு வீடு சென்றோம்.

இரண்டு வாரங்களின் பின்னர் பாத்திகளைப் பார்வையிடப் போனபோது பன்னிரண்டாம் பாத்தியில் ஒரு புதுமையைக் கண்டோம். ஒரு கன்று பச்சையாக நின்றது, அடுத்தது வெளிறி நின்றது, அதற்கடுத்தது பச்சை, பின்னர் மீண்டும் வெளிறல். இருபது கன்றும் இவ்வாறே ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி நின்றன. நாம் வியப்போடு அவனை அழைத்துக் கேட்டோம். காலையில் எல்லோருக்கும் முன்னதாக வந்து, ஈரத் துணியினாற் பத்துக் கன்றுகளின் இலைகளை மட்டும் மேலும் கீழும் துடைத்து வந்ததாகச் சொன்னான்.

“ஏன் பாதியை மட்டும் துடைச்சனி?”

“எல்லாத்தையும் துடைச்சா நீங்கள் நம்பமாட்டியள் எண்டுதான், சேர்.”

அதற்கு முந்திய மாதத்திலே, கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்றால் என்ன என்பதைக் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவர்கள் நாமே. ஏனைய பதினொருவரும் அதனைக் கொப்பியில் எழுதிக்கொண்டனர். அவன் ஒருவனே அதனைத் தன் மானத்தைக் காக்கப் பயன்படுத்தினான்.

துடைக்காத கன்றொன்றின் இலையைக் கிள்ளி விரலாற் தேய்த்துப் பார்த்தோம். விரல் வெண்மையாயிற்று. வீதிக்கு மறுபுறம், எமது பாடசாலைக்கு வடகிழக்கே, சுண்ணாம்புக்கல்லை உடைத்துச் சல்லியாக்கும் ஆலையொன்று இயங்கிக்கொண்டிருந்தது. யுத்தம் முடிந்து எங்கும் வீதி போட்ட காலம், ஆலைக்கு ஓய்வில்லை. மூடாத லொறிகள் அவ்வீதியால் ஓடின. தை முதற் பங்குனி வரையிற் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தே வீசும். இத்தனையும் தினந்தோறும் எமது கண்முன்னே இருந்தவை. பாடசாலைக்கு வரும்போது நாமே கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அவ்விடத்தைக் கடந்தோம். ஆனால் எமக்கு மூக்கு இருப்பதுபோல மிளகாய்க்கும் சுவாசிக்கும் வாய் உண்டு என்பது, அதனைக் கற்பிக்கும் எமக்கே தோன்றவில்லை.

இலை என்பது செடியின் அடுப்பு. அதுவே மூக்கும் ஆகும். இலையின் தோலிலே, பெரும்பாலும் அதன் கீழ்ப்புறத்தே, கண்ணுக்குத் தெரியாத இலைவாய்கள் எண்ணற்றவை உள்ளன. அவற்றின் வழியாகக் காபனீரொட்சைட்டு உட்செல்கிறது, நீராவி வெளிவருகிறது. தூசிப்படை ஒளியை மறைத்தால் ஒளித்தொகுப்புக் குறைகிறது. நுண்தூசி இலைவாய்களிற் செருகிக்கொண்டால் அவை வேண்டிய வேளையிற் திறக்கவும் மூடவும் மாட்டா. உணவும் குறையும், நீரும் வீணாகும். தூசி படிந்த இலை வெயிலில் அதிகம் சூடேறும். சிற்றுண்ணிகளுக்கோ தூசி படிந்த செடி நல்ல புகலிடம். அவற்றைத் தின்னும் பூச்சிகள் அங்கே செவ்வனே இயங்க மாட்டா. குருமன் வேலியோரப் பாத்தியை மட்டும் பிடித்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். இங்கேதான் காலநிலையும் காற்றும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. மிளகாய்க்கு நன்மை செய்யும் அதே மாசிப்பனி, தூசியை இலையோடு பசைபோல் ஒட்டிவிடுகிறது. கொட்டும் மழை அதனைக் கழுவும்; பனியோ ஒட்டும். பனியின்மீது பழி போட்ட நாம் முற்றிலும் பிழையுமில்லை, சரியுமில்லை.

அந்த மாணவன் செய்ததைப் போன்ற ஒரு சோதனையை இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ஆய்வாளர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்னரே செய்திருக்கின்றனர். கோகென், ரஸ்ரன் என்னும் இருவர் 1912இல் நகரப் புகையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். நகரின் தொழிற்சாலைப் பகுதிகளிலும் புறநகரிலும் ஒரே வகைச் சலாதையும் முள்ளங்கியையும் வளர்த்து ஒப்பிட்ட செய்தி அதிலே உண்டு. வானம் ஒன்றே, மழை ஒன்றே. ஆயினும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே வளர்ந்த செடி சிறுத்தது, வசதி படைத்தோர் வாழ்ந்த புறநகரில் வளர்ந்தது பெருத்தது. ஒரு நகரத்தின் வர்க்க வரைபடத்தை முள்ளங்கியே வரைந்து காட்டியது எனலாம்.

புகையிலையின் கதை இன்னும் சுவையானது. யாழ்ப்பாணத்தவராகிய நாம் அதனைக் கேட்பது பொருத்தமுமாகும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதிப் புகையிலைத் தோட்டங்களிலே 1950களில் இலைகளிற் சிறு புள்ளிகள் தோன்றிப் பயிர் கெட்டது. கிருமியும் காணப்படவில்லை, பூச்சியும் காணப்படவில்லை. ஆகவே அந்த நோய்க்கு “வானிலைப் புள்ளி” என்றே பெயரிட்டுவிட்டனர். 1959இல் ஹெகஸ்ராட், மிடில்ரன் என்னும் ஆய்வாளர்கள் அதன் காரணம் ஓசோன் என்று காட்டினர். மோட்டார் வண்டிகளும் ஆலைகளும் கக்கும் நைதரசன் ஒட்சைட்டுகள், வேறு சில ஆவிகளோடு சேர்ந்து வெயிலிற் சமைந்து ஓசோனாகின்றன. அது இலைவாய் வழியே நுழைந்து உட்கலங்களைக் கருக்குகிறது. வெயில் அங்கே அடுப்பு மட்டுமே. அரிசி போட்டவர்கள் வேறு. வானிலை என்று பெயர் சூட்டியதனால், போட்டவர்களை எவரும் தேடவில்லை.

பின்னொரு காலத்தில், 2022 டிசெம்பரில், இதனை எமது நாட்டிலும் கண்டோம். மண்டோஸ் புயல் வங்கக் கடலில் நகர்ந்த நாட்களில் இலங்கை முழுவதும் புகார் மூடியது. காற்றின் தரம் மோசமானதால் டிசெம்பர் 9ஆந் திகதி பாடசாலைகளை மூடினர். வடக்கிலும் கிழக்கிலும் குளிர் தாங்காது ஏராளமான மாடுகளும் ஆடுகளும் மடிந்தன. எல்லோரும் புயலைத் திட்டினர். குளிரைப் புயல் கொண்டுவந்தது மெய். ஆனால் இந்தியப் பெருநிலத்திலிருந்து அது இழுத்து வந்த அழுக்கைப் புயலா உண்டாக்கியது? அன்று பிள்ளைகளை வீட்டில் இருத்த முடிந்தது. மிளகாய்க் கன்றை வீட்டுக்குள் அழைக்க முடியாது. கூலி வேலைக்குச் சென்றவனையும் எவரும் வீட்டில் இருத்தவில்லை.

பன்னிரண்டாம் பாத்திக்குத் திரும்புவோம். பதிவேட்டில் ஒன்பதை வெட்டி இருபத்தைந்து என எழுதினோம்; வகுப்பின் முன்னே எமது பிழையை ஒப்புக்கொண்டோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனுக்கு அதுவும் ஒரு தண்டனை போலவே இருந்திருக்கும். வைகாசி பிறந்தது. காற்றுத் திரும்பிச் சோளகமாயிற்று. தென்மேற்கிலிருந்து வீசிய காற்று ஆலைத் தூசியை எம்மைவிட்டு அப்பாற் கொண்டு சென்றது. துடைக்காமலே வேலியோரக் கன்றுகள் தளிர்த்தன. நாமும் மகிழ்ந்தோம். தூசி எங்கே போயிற்று என்று நாம் கேட்கவில்லை.

ஆனி மாதத்தில் அவன் ஒரு வாரம் பாடசாலைக்கு வரவில்லை. தேடிப் போனோம். ஆலைக்கு வடகிழக்கே இருந்த கொட்டில்களிற் கூரை, கொடியிற் காய்ந்த துணி, முருங்கையிலை யாவும் வெண்மையாயிருந்தன. தங்கச்சிக்கு முட்டு, தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியில், தம்பியைப் பார்த்துக்கொள்ள இவன் வீட்டில் நின்றான். கொட்டிலின் பின்னால், பாய் விரிக்கும் அளவுள்ள நிலத்தில் தாய் கீரை போட்டிருந்தாள். நான்கு தடி நட்டு, ஒரு பழஞ் சேலையை மேலே கட்டி, அந்தக் கீரையைத் தூசியிலிருந்து காத்திருந்தாள். சேலைக்குக் கீழே ஒளி குறைந்து கீரை நெட்டையாய், மெலிந்து நின்றது. ஆயினும் பச்சையாய் நின்றது.

அந்தச் சேலையைக் கண்டபோது, எப்போதோ படித்த ஒரு கண்ணாடிப் பெட்டியின் வரலாறு எமது நினைவுக்கு வந்தது. லண்டனின் கிழக்கிலே, துறைமுகத்தை அண்டிய தொழிலாளர் பகுதியில் நதானியல் வார்ட் என்னும் வைத்தியர் வாழ்ந்தார். செடிகளில் அவருக்கு அளவற்ற ஆசை. தம் வீட்டு முற்றத்திற் கற்களை அடுக்கிப் பன்னங்களை வளர்க்க முயன்றார். சுற்றியிருந்த தொழிற்சாலைகளின் நிலக்கரிப் புகையிற் பன்னங்கள் யாவும் பட்டன. 1829இல், அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவொன்றை ஈரமண்ணுடன் ஒரு போத்தலில் மூடி வைத்தார். முற்றத்தில் வளர மறுத்த பன்னமொன்று அந்த மூடிய போத்தலுக்குள் தானே முளைத்தது. இலை விடும் நீராவி கண்ணாடியிற் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்கியது, புகை உட்புகவில்லை. அதிலிருந்து பிறந்ததே வார்டின் பெட்டி.

வார்ட் நல்ல மனிதர். 1842இல் வெளியிட்ட நூலில், ஏழைகளின் நிலையை மேம்படுத்துவதற்கு இப்பெட்டி எவ்வாறு பயன்படலாம் என்று ஓர் அதிகாரமே எழுதினார். ஏழைகளின் தெருவுக்கு அப்பெட்டி வந்ததா என்பதை வரலாறு சொல்லிவிட்டது. அது கனவான்களின் வரவேற்பறைகளில் அழகுப்பொருளாயிற்று. கப்பல் தட்டுகளிற் சாம்ராச்சியத்தின் ஆயுதமாயிற்று. சீனத்துத் தேயிலைக் கன்றுகளை இமயச் சாரலுக்குக் கொண்டு சென்றது அதுவே. 1876இல் கியூ தோட்டத்திலிருந்து 1,919 றப்பர்க் கன்றுகள் 38 பெட்டிகளில் எமது நாட்டுக்கு அனுப்பப்பட்டன. கம்பகாவின் எனரத்கொடைத் தோட்டத்தில் அவை நாட்டப்பட்டன. கடல் உப்பும் புகையும் படாமல் அக்கன்றுகள் வந்து சேர்ந்தன. அந்தக் காலத்திலேயே, தோட்டங்களில் உழைப்பதற்கெனத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள், காட்டு வழிகளில் நடந்து, காய்ச்சலிலும் பேதியிலும் வழிநெடுக மடிந்தனர். அவர்களுக்கு ஒரு பெட்டியும் இருக்கவில்லை. லண்டன் தொழிலாளர் தெருவின் நச்சுக்காற்று ஒரு பெட்டியைப் பிறப்பித்தது. பெட்டி ஏகாதிபத்தியத்துக்குப் பெருந்தோட்டங்களைக் கொடுத்தது. தெருவின் காற்றோ நச்சாகவே இருந்தது.

வீடு திரும்பியதும் ஒரு விண்ணப்பம் எழுதினோம். அந்த ஆலையை உடனே மூடவேண்டும் என்று கனல் பறக்க எழுதினோம். ஆசிரியர்கள் கையெழுத்திட்டனர், ஊர்ப் பெரியவர் சிலரும் இட்டனர். கொட்டில்களிலிருந்து ஒரு கையெழுத்தும் வரவில்லை. எமக்குச் சினம் உண்டாயிற்று. யாருக்காக எழுதுகின்றோமோ அவர்களே விழிப்படையவில்லையே என்று நண்பர்களிடம் நொந்துகொண்டோம்; முற்போக்காளர்களுக்கு எளிதில் வரும் நோவு அது. இரண்டு நாட்களின் பின்னர் அந்த மாணவனின் தகப்பனார் மாலையில் எமது வீட்டு வாசலில் வந்து நின்றார். புருவ மயிரிலும் வெண்தூசி. அவர் வேலை செய்ததே அந்த ஆலையில் என்பது அப்போதுதான் எமக்குத் தெரிந்தது.

“மாஸ்ரர், பூட்டச் சொல்லி எழுதாதேங்கோ. தண்ணி அடிக்கச் சொல்லி எழுதுங்கோ. லொறிக்குப் படங்கு போடச் சொல்லி எழுதுங்கோ. நாங்கள் கேட்டா நாளைக்கு வேலையில்லை. நீங்கள் கேக்கலாம்.”

கல் உடைபடும் இடத்தில் நீர் தெளித்தால் தூசி எழாது. அரைக்கும் யந்திரத்தைக் கூடாரமிட்டு மூடலாம். லொறியைப் படங்கால் மூடலாம். இவற்றில் ஒன்றேனும் புதிய கண்டுபிடிப்பன்று. கலிபோர்னியாவிற் சீமெந்துத் தூசியால் மரங்கள் கெட்ட தோடந்தோட்ட உரிமையாளர், கம்பெனியை எதிர்த்து வழக்காடி 1911இல் உயர்ந்த நீதிமன்றம் வரை சென்று தடையுத்தரவு பெற்றனர். அக்காலத்தை அண்டியே, மின்சாரத்தாற் தூசியைப் பிடிக்கும் கொற்றெலின் கருவியும் அங்குச் சீமெந்து ஆலைகளுக்கு வந்தது. தூசியைப் பிடிக்கும் வழி நூறாண்டுக்கு முன்னரே தெரியும். அதற்கு முதலாளியின் பணத்திற் கொஞ்சம் செலவாகும், அவ்வளவே. தோடந்தோட்டம் உடையவன் நீதிமன்றம் போனான். பழஞ் சேலை உடையவள் எங்கே போவாள்?

விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டு, அவர் சொன்னவாறு மீண்டும் எழுதினோம். சம்பந்தப்பட்ட அலுவலகத்திலிருந்து ஒன்றரை மாதத்தின் பின் பதில் வந்தது: தற்போது நிலவும் வரண்ட காலநிலை காரணமாகவே தூசி அதிகரித்துள்ளது, மழை ஆரம்பித்ததும் நிலைமை சீரடையும். வானத்தின்மேற் பழி போடுவதில் நாம் மட்டும் தேர்ந்தவர்களல்லர். மீண்டும் எழுதினோம்; நேரிலும் போனோம். ஆவணியில் ஆலைக்காரர் ஒரு தண்ணீர்த் தாங்கியைக் கொண்டுவந்து, சில வாரங்கள் காலையிலும் மாலையிலும் நீர் தெளித்தனர். ஒக்டோபரில் மழை வந்தது. அலுவலகம் சொன்னவாறே நிலைமை சீரடைந்தது. தண்ணீர்த் தாங்கியும் போயிற்று.

அடுத்த தையிற் புதிதாகப் பத்தாந் தரத்துக்கு வந்த மாணவர்களுக்குப் பாத்திகளைப் பிரித்தோம். பன்னிரண்டாம் பாத்தியை எவருக்கும் கொடாமல் நாமே எடுத்துக்கொண்டோம். மாசியில் ஒருநாட் காலை, ஈரத் துணியோடு குனிந்து இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம். ஆலை இரைந்துகொண்டிருந்தது. பதினோராந் தரத்துக்குச் சென்றுவிட்ட அந்த மாணவன் வேலியருகே வந்து நின்று சிறிது நேரம் பார்த்தான்.

“எல்லாத்தையும் துடையாதேங்கோ, சேர்,” என்றான். “பாதியை அப்பிடியே விடுங்கோ. ஆரும் பாக்க வந்தாக் காட்டலாம்.”

பத்தாவது கன்றோடு நிறுத்திக்கொண்டு, துணியைப் பிழிந்து வேலியிற் போட்டோம்.